ஒரு கறவ மாட்டுக் காசு

வா ராசா. வண்டிய நிறுத்திட்டு மொதல்ல அந்த அட்டைப் பெட்டியப் பிரி. நான் இன்னா, தின்னுடவா போறேன்? அடேங்கப்பா, இன்ஜின் பொகை போறதுக்கு எவர்சில்வர் மேனிஃபோல்டு! நாலு சாரைப்பாம்பு பின்னிக்கினு கெடக்கிற மாதிரி இருக்குது. ஒரு கறவ மாட்டுக் காசு ஆயிருக்குமே? ஆவட்டும். மாடு பாலுதான் குடுக்கும், இது பளபளப்பு குடுக்குதே.

டர்போ சீக்கிரம் எழுந்திருக்கலன்னுதான வாங்கின? நல்ல வைத்தியம்டா. தூங்குறவன எழுப்பறதுக்குக் கட்டிலப் பெருசாக்கின வைத்தியம்.

இங்க வா, நம்ம ஆயில் இன்ஜினப் பாரு. ஒத்த சிலிண்டரு. பொகைக்குழா வாயில மழைக்குன்னு ஒரு தகர மூடி மாட்டி வச்சிருக்கேன். டுப்புன்னா எகிறுது, அடுத்த டுப்பு வர்ற வரைக்கும் படுத்துக்குது. பாத்தியா? பொகை ஒரே சீரா ஓடல, குத்துக்குத்தா வருது. அந்தக் குத்துதான் டர்போ சக்கரத்தத் தள்ளணும். நீ குழாய நீட்டி, அகலமாவும் ஆக்கிப்புட்டா, குத்து வழியிலேயே விரிஞ்சி, சூடு ஆறி, கெழவன் நடையில போயி சேரும். மதுராந்தகம் ஏரித் தண்ணி கடமடைக்கு வந்து சேர்ற கதைதான். அங்க மம்முட்டிய ஊனிக்கினு வாயப் பாத்துக்கினு நிக்கிறான் பாரு, அவன்தான் உன் டர்போ.

பெரிய குழாயிலதான் பவரு ஜாஸ்தின்றியா? நெசந்தான், மறுக்கல. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல, இன்ஜின் உச்சத்துல கத்திக்கினே இருந்தா சரி. நீ போறது திருக்கழுக்குன்றம் ரோடு. எரும குறுக்க வரும், பிரேக்க மிதிப்ப, மறுபடி ரெண்டாங்கியரு. உனக்கு வேண்டியது நிமிசத்துக்கு 2000 சுத்துக்குக் கீழ இழுவை.

இன்னொண்ணு. உன் இன்ஜின் 1-3-4-2ன்னு மொறை வச்சி வெடிக்குது. 1ஆவது சிலிண்டரு பொகைக் கதவச் சாத்தறதுக்குள்ள 3 தொறந்துடும். அதோட குத்து 1க்குள்ளயே எதுத்து ஏறும். அதனாலதான் 1ம் 4ம் ஒரு வாய்க்கா, 2ம் 3ம் ஒரு வாய்க்கான்னு பிரிச்சி, டர்போ வாயிலயும் நடுச்சொவரு வைக்கிறான். ட்வின் ஸ்க்ரோலுன்றது அதான். உன் டர்போவுக்கு வாய் ஒண்ணுதான? அப்புறம் குழாய ஜோடி சேத்து இன்னா பிரயோஜனம்? வரப்பு போட்டுத் தண்ணியப் பிரிச்சி, ஒரே குட்டையில உட்டியே, கெட்டிக்காரா!

மறைமலை நகர் ஃபோர்டுல 2013ல ஈகோஸ்போர்ட்டு காரு வந்துதே, ஞாபகம் இருக்கா? அதுல ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட்டு இன்ஜினும் உண்டு, மூணு சிலிண்டரு. மேனிஃபோல்டு தனியாவே கெடையாது. சிலிண்டர் ஹெட்டோட ஒரே வார்ப்பு, மாமல்லபுரத்து ரதம் ஒரே கல்லுல நிக்கிற மாதிரி. பொகை டர்போவுக்குப் போற தூரம் சாண் கணக்கு. 240 டிகிரிக்கு ஒரு வெடி, அதனால ஒருத்தன் குத்த இன்னொருத்தன் கெடுக்கறது கம்மி; நடுச்சொவரும் வேணாம். 1400 சுத்துலயே 170 நியூட்டன் மீட்டர் இழுத்துது. 2022ல அந்த ஃபேக்டரி கேட்டு மூடினது வேற வயித்தெரிச்சல், உடு.

நீ மாட்டப்போறது கடற்கரைக் கோயில் பாணி, துண்டு மேல துண்டு. ஆனா பல்லவன் ராஜசிம்மன் கட்டினது 1300 வருசமா உப்புக்காத்துல நிக்குது. உன் வெல்டிங்கு? ஒரு அடி எவர்சில்வர் குழா 800 டிகிரி சூட்டுல நாலு மில்லிமீட்டர் நீளும். ஆறினா சுருங்கும். டர்போ வெயிட்ட வேற அதுலயே தொங்க உடப்போற. மொத விரிசல் வந்தா பொகை அங்கயே பீச்சும், டர்போ நல்லாத் தூங்கும்.

இத வாங்கறதுக்கு முன்னாடி, பழசோட கேஸ்கெட்டுல பொகை கசியுதான்னு பாத்தியா? போர்ட்டு வாயும் குழா வாயும் ஒண்ணா உக்காருதா? பாக்கல. பளபளப்புல கண்ணு கூசியிருக்கும், பாவம்.

சரி, ஆசப்பட்டுட்ட, மாட்டிக்கோ. பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட இரும்புக் கடையில போட்டுடாத. மாட்டுக் கொட்டாயில ஓரமா வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன். திரும்பக் கேட்டு வர்ற அன்னிக்கு மட்டும், ஒரு கன்னுக்குட்டிக் காசு எடுத்துக்கினு வா.