வங்கக் கடலில் ஓர் உப்பளம்

செய்மதிகளைத் துணைகொண்டு நிலமளக்கும் கருவி, ஆகாயத்து ஞானம் அத்தனையும் வாய்த்திருந்தும், பிதுருதலாகல மலையை மூலமாகக் கொண்ட இலங்கையின் பழைய கட்டச் சட்டகம் அம்மலைக்குக் கிழக்கு, வடக்கு இரண்டிலும் 200,000 மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டுச் சட்டகம் 500,000 மீற்றர் என்றும் ஆள்கூறு சூட்டியிருக்கும் சூக்குமத்தை, நாம் உபதேசிக்காமல் அறியாது. ஆதலால், கருவியின் சட்டகப் பட்டியலில் விரல் ஒரு வரி பிசகிய மாத்திரத்தில், புதிய கணக்கில் குறித்த பாலாவிப் பக்கத்து உப்பளமொன்று பழைய கணக்கில் வாசிக்கப்பட்டு, வடக்கே 300 கிலோமீற்றரும் கிழக்கே 300 கிலோமீற்றரும் யாத்திரை செய்து, நாகப்பட்டினத்துக்கும் அப்பால் வங்கக் கடல் மத்தியில் பிரதிஷ்டையாகிவிடுகிறது. அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை என்பது உரிமையாளருக்கு ஆறுதல்தான். ஆயினும், எல்லைக்கல் ஒரு சாண் நகர்ந்தாலே வழக்காடப் புறப்படும் நம்மவர், இந்த மகா ஆக்கிரமிப்புக்கு எந்த நீதிமன்றத்தை நாடுவர்? திரையிலோ, பிழை இரண்டே சென்ரிமீற்றர் என்று அக்கருவி சத்தியம் செய்துகொண்டிருக்கிறது.