பொம்மைக் காரும் உப்புக்காற்றும்: பட்டினச்சேரியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் காரைக்கால் பகுதியிலுள்ள திருமலைராயன்பட்டினத்தின் பட்டினச்சேரிக் கடற்கரைக்கு எழுந்தருளுவதும், மீனவர்கள் அவரை மாப்பிள்ளையாக வரவேற்பதும் ஊரறிந்த செய்தி. திருவிழாக் கடையில் பேரனுக்குப் பொம்மைக் கார் வாங்கும் தாத்தா அதை உள்ளங்கையில் போட்டு எடை பார்ப்பது ஏன் என்பதைத்தான் எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் ஆராயவில்லை. அக்குறையைக் களையவே இக்கட்டுரை.

முதலில் பூர்வபட்சம்: பொம்மைக் காரில் பிளாஸ்டிக்கைவிட உலோகமே உயர்ந்தது. டைகாஸ்ட் கார் என்பது ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த துத்தநாகக் கலவை. அதை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சி வார்க்கிறார்கள். ஒரே பருமன் உள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிட இது ஆறு மடங்கு கனம். கனமே மதிப்பு என்பதில் நகைக்கடைக்கும் மீன் ஏலத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி மறுப்பு. கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். இங்கிலாந்தின் டிங்கி கம்பெனி இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்த பொம்மைக் கார்கள் பல, அலமாரியில் சும்மா இருந்தபடியே வெடித்து உதிர்ந்தன. அச்சுக்கு அந்த நோய் கிடையாது. டிங்கியின் பழைய அச்சுகள் சில பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் மறுபடி கார்களை ஈன்றன.

பிளாஸ்டிக் மட்டும் யோக்கியமா? 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபடியால், சாட்சியைப் பிரான்சிலிருந்து அழைப்பதில் குற்றமில்லை. லியோன் பகுதியைச் சேர்ந்த வெரோன் சகோதரர்கள் தங்கள் குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு ‘நோரெவ்’ என்று கம்பெனி நடத்தினார்கள். 1950களில் அவர்கள் செய்த பிளாஸ்டிக் கார்கள் அழகில் குறைவைக்கவில்லை. ஆனால் வயதானதும் உடம்பு கோணி, நான்கு சக்கரமும் ஒருசேரத் தரையில் படாத கார்களாகிவிட்டன. சகோதரர்களில் ஒருவரான எமில் 1961-இல் தனிக்குடித்தனம் போய், பிறகு ‘மஜோரெட்’ என்று பேர்பெற்ற கம்பெனியைத் தொடங்கி உலோகக் கார் வார்த்தார். பத்து வருடம் கழித்து நோரெவும் உலோகத்துக்கு வந்து சேர்ந்தது. பாகப்பிரிவினை வீண்.

ஆக, இரு கட்சியும் தோற்றன. மீதமிருப்பது உப்புக்காற்று.

பட்டினச்சேரிக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்துவிட்டது. துருப்பிடிக்காத உடம்பின் அருமை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப் பார்த்தால் வழக்கின் உண்மை வெளிப்படும். ‘மெட்டல் கார்’ என்று விற்பவற்றில் பலவற்றுக்கு அடித்தட்டு பிளாஸ்டிக்; இரண்டையும் பிணைப்பது ஒன்றிரண்டு ரிவெட். சக்கரங்களைக் கோத்திருப்பதோ மெல்லிய இரும்புக் கம்பி. முதலில் துரு ஏறுவது அதில்தான்: சக்கரத்தின் நடுவே செம்பழுப்பாக ஒரு வளையம் தெரியும், பிறகு சக்கரம் சுற்றாது, காரைத் தரையில் தேய்த்துத்தான் ஓட்ட வேண்டும். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும்.

சித்தாந்தம்: கடற்கரை மணலில் உருட்ட பிளாஸ்டிக், கண்ணாடி அலமாரிக்கு டைகாஸ்ட். டெல்லியின் சென்டி டாய்ஸ் பிளாஸ்டிக்கில் செய்யும் அம்பாசடரையும் ஆட்டோவையும் பெரியவர்களே தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள் என்பதால், இரண்டாம் விதிக்கு விலக்கு உண்டு.

வாங்குகிறவர்கள் கையில் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பெட்டியையும் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொது.