தராசுக்குத் தெரியாத சங்கதி

உப்பூர் வாசகி: வயது 66. பத்து வருஷமாக என் எடை அதே 55 கிலோதான். முகாமில் பி.எம்.ஐ. பார்த்து 'உடல் பருமன்' என்று எழுதிவிட்டார்களே!

பி.எம்.ஐ. என்பது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு. எடை ஏறவில்லை, சரி. உயரம் இறங்கியிருக்குமே! மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழக்கும், முதுகெலும்பு அமுங்கும், கூன் விழும். 152 செ.மீ. உயரத்தில் 55 கிலோ என்றால் பி.எம்.ஐ. 23.8. உயரம் 148 ஆகிவிட்டால் அதே 55 கிலோவுக்கு 25.1. இந்தியக் கணக்கில் 25 தொட்டாலே பருமன். ஒரு இட்லிகூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் குண்டாகிவிட்டீர்கள்! டாக்டரிடம் முதலில் எலும்பைப் பற்றிக் கேளுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த டாக்டர் யார்?

டாக்டரே இல்லை. பெல்ஜியத்து வானியலாளர் கெட்லே. 1830களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். நவக்கிரகத்தைக் கடலுக்குள் வைத்துக் கும்பிடும் உங்கள் ஊரில், கிரகம் பார்த்தவர் உடம்புக்கும் பலன் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். 1972இல் அதற்கு 'பி.எம்.ஐ.' என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ். அவர் ஆராய்ந்தது முழுக்க ஆண்களை. பாட்டிமார் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

திருப்பாலைக்குடி வாசகர்: அம்மாவுக்கு பி.எம்.ஐ. 22, 'நார்மல்'. சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே?

சதை எது, கொழுப்பு எது என்று தராசுக்குத் தெரியாது. வயதானால் கை காலில் சதை கரையும், வயிற்றில் கொழுப்பு குடியேறும், முள் அசையாது. 2004இல் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!

தொண்டி வாசகி: வெள்ளைக்காரப் பெண்களுக்காவது சரியாக வருமா?

அங்கேயும் சறுக்கல்தான். அமெரிக்காவின் பஃபலோ நகரில், மாதவிடாய் நின்ற 1,329 பெண்களை ஸ்கேன் செய்து கொழுப்பை அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் மூன்றில் ஒருவரைத்தான் 'பி.எம்.ஐ. 30க்கு மேல் பருமன்' என்ற அவர்கள் ஊர் விதி பிடித்தது. மற்றவர்கள் வலையில் சிக்காத மீன்கள்.

ராமேஸ்வரம் வாசகி: பிறகு எதைத்தான் நம்புவது?

தையல்காரர் டேப்பை. சேலைக் கொசுவத்தின் மேல் வைத்து அளக்காதீர்கள், அது ஜவுளிக்கணக்கு. பாவாடை நாடாவைத் தளர்த்தி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். இந்தியப் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ. அதைத் தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வந்தால் வாசலிலேயே பார்த்துவிடலாம்.

மண்டபம் வாசகி: மகன் 'எடையைக் குறை' என்கிறான். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தட்டுமா?

பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் போகும். மகனை அருகில் நிறுத்திக்கொண்டு, நாற்காலியில் கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். அதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், கவலைப்பட வேண்டியது சதையைப் பற்றி. டாக்டரைக் கேட்டுக்கொண்டு மீன், முட்டை, சுண்டலைத் தட்டில் கூட்டுங்கள், கொஞ்சம் உடற்பயிற்சியும் செய்யுங்கள். அடுத்து மகனையும் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்: உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கும் தொப்பைதானே? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே!

கொழுக்கட்டை அவருக்குப் படைக்கிறோம், சாப்பிடுவது யார்?