ஜெபம் கட்டாயமா?

கேள்வி: மகன் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறான். பாதிரியார்கள் நடத்தும் இடம். ஜெபம் பண்ணியே ஆகணுமோ?
– மலையாளிப் பழங்குடித் தந்தை, ஜமுனாமரத்தூர்

பதில்: தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லா மாணவனும் தானாகவே ஜெபம் பண்ணுவான்! மற்றபடி கட்டாயப்படுத்த முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சம்மதமில்லாதவரை வழிபாட்டில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம், பிரிவு 28(3).

சலேசிய சபையார் 1951-ல் தொடங்கிய கல்லூரி இது. இரவு ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளிடம் நாலு நல்ல வார்த்தை பேசி, 'குட்நைட்' சொல்லித் தூங்க அனுப்புவது சபையை நிறுவிய தொன் போஸ்கோ காலத்திலிருந்தே அவர்கள் வழக்கம். சாமைக் கொல்லையை விட்டு முதன்முதலாக மலையிறங்கும் பையனுக்கு அது பெரிய தெம்பு.

தைரியமாக அனுப்புங்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள். உதவித்தொகைக்கு முதலில் அதைத்தான் கேட்பார்கள்.