‘கிளம்புறேன்’ என்ற சொல்லின் செல்லுபடி: பிரெஞ்சுக் கரையில் ஒரு கள ஆய்வு

செம்பட்டியில் யாரும் தங்குவதில்லை. திண்டுக்கல்லில் இருந்து தேனி, குமுளி போகும் சாலையும், மதுரையில் இருந்து நிலக்கோட்டை வழியாக ஒட்டன்சத்திரம், பழனி போகும் சாலையும் எங்கள் ஊரில்தான் வெட்டிக்கொள்கின்றன. அதனால் செம்பட்டிக்கு வராதவர்கள் குறைவு. வந்து இருந்தவர்கள் அதைவிடக் குறைவு. டீ குடிப்பார்கள், பஸ் மாறுவார்கள், போய்விடுவார்கள். “வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு” என்று கண்டக்டர் பஸ்ஸைத் தட்டினால், பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிற சனத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிளம்புதல் என்ற வினை எங்களுக்கு மூன்று நொடி வேலை. அதையே ஆறு நாள் செய்ய முடியும் என்பதைப் பிரெஞ்சுக் கடற்கரையில்தான் கண்டுபிடித்தேன்.

பிரெஞ்சுக் கடற்கரை என்றதும் நீஸ், கான் என்று நினைத்துப் பொறாமைப்பட்டவர்கள் அதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். ஆய்வுக் களம் புதுச்சேரி. குருசுக்குப்பத்தை ஒட்டிய ஒரு தெரு, மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரிகிற ஒரு வீடு. அது எப்படிப் பிரெஞ்சுக் கரை ஆகும் என்று ஆட்சேபிப்பவர்களுக்குச் சட்டப்படியே பதில் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படி கை மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அனுபவம் ஒருவர் கையில், பட்டா இன்னொருவர் பேரில் என்று ஏறக்குறைய எட்டு வருஷம் கிடந்திருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது சர்வ சாதாரணம் என்பதால், செம்பட்டிக்காரனுக்குச் சர்வதேசச் சட்டம் சுலபமாகப் புரிந்துவிடுகிறது. ஆக, 1962-ம் வருஷத்துக் கத்திரி வெயில் பிரான்சு மண்ணில்தான் அடித்தது.

இதற்குக் கண்கண்ட சாட்சி நண்பனின் ஆயா. எங்கள் ஊரில் அப்பாயி என்போம், அங்கே ஆயா. அந்த வருஷம் வைகாசியில் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சொல்தா. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். ஊர் வழக்கப்படி புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். தாய்வீடு விழுப்புரம் பக்கம். பிரான்சில் இருந்து ஆடிக்கு இந்தியா போனவர், ஆவணி பிறந்து திரும்பி வந்தால் அதுவும் இந்தியா. “நான் போயிட்டு வர்றதுக்குள்ள நாட்டையே மாத்திப்புட்டாங்கப்பா” என்று இன்றைக்கும் அதை ஒரு வீட்டு விஷயம் போலத்தான் சொல்கிறார். தான் இல்லாத நேரத்தில் யாரோ பீரோவை இடம் மாற்றி வைத்துவிட்ட குரல்.

இனி ஆய்வாளரின் தகுதி. நண்பன் காந்திகிராமத்தில் படித்தவன், என்னோடு. விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறுவான். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள், அதில் கறிக்குழம்பு எத்தனை, ரசத்தோடு முடிந்தது எத்தனை என்று அவன் அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. விருந்து என்பது எழுதாத மொய் நோட்டு. வைத்தது திரும்பி வரும், வட்டியோடு வரும். வட்டி விகிதத்தை நான்தான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

2022 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கினேன். கையில் ஒரு தார் சிறுமலைப் பழம், இரண்டு டப்பா பழனி பஞ்சாமிர்தம், ஒரு திண்டுக்கல் பூட்டு. மூன்றுக்குமே புவிசார் குறியீடு உண்டு. இவ்வளவு சட்டப் பாதுகாப்போடு எந்த விருந்தாளியும் போயிருக்க மாட்டான். பூட்டைப் பார்த்து எங்கள் அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. “விருந்துக்குப் போற வீட்டுக்கு எவனாச்சும் பூட்டு வாங்கிட்டுப் போவானாடா?” கேள்வியின் தீர்க்கதரிசனம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அது மாங்காய்ப் பூட்டு. கைக்குள் அடங்காத கனம், அடிவயிறு பருத்து நுனி வளைந்த பித்தளை. சாவியைத் திருப்பினால் உள்ளே லீவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உட்காரும் சத்தம் விரலுக்கே கேட்கும். ஆயா அதை வாங்கிக் காதோரம் வைத்து நாலு தடவை பூட்டித் திறந்தார். கடல் காத்துக்குத் துரு ஏறிடும் என்று உடனே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். பஞ்சாமிர்தத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பது நம் பக்கத்துச் சட்டம். பிரான்சில் கணக்கு வேறு. 1936-ல் அங்கே தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் போட்டார்கள். அதுவரை கடலையே பார்த்திராத குடும்பங்கள் ரயில் ஏறிக் கரைக்குப் போயின. 1982-ல் அதுவே ஐந்து வாரம் ஆனது. என் திட்டம் தமிழ்ச் சட்டப்படி மூன்று நாள், ஞாயிறு ராத்திரி பஸ். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதில்தான் மேலே சொன்ன குழப்பம் இருக்கிறதே.

ஞாயிறு 24-ந் தேதி பிரான்சு ஜனாதிபதி தேர்தலின் இரண்டாம் சுற்று. சொல்தா குடும்பம் என்பதால் ஆயாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மக்ரோனா லெ பென்னா என்று தீர்மானிக்க, அரக்குக் கலர் பட்டுப்புடவையும் மல்லிகையுமாகக் கிளம்பினார். நானும் நண்பனும் துணை. உள்ளே எங்களுக்கு வேலை இல்லை. வெளியே மர நிழலில் நின்றோம். திரும்பி வந்தவர் விரலை நீட்டிக் காட்டினார். மை இல்லை. பேர் அச்சடித்த சீட்டை உறையில் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டால் முடிந்ததாம். “மை வைக்காம என்னப்பா ஓட்டு, பாத்தா போட்டமாதிரியே இல்ல” என்று வழியெல்லாம் வருத்தம். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, “அத ஏன் உன்கிட்ட சொல்லணும்” என்றார். குடியரசுப் பண்பு ரத்தத்தில் ஊறியிருந்தது.

அன்று மாலைதான் முதல் “கிளம்புறேன்” பதிவாகிறது. ஆயா பதில் சொல்லாமல் தினசரி காலண்டரைப் பார்த்தார். ஞாயிறு, சூலம் மேற்கு. செம்பட்டி அங்கிருந்து தென்மேற்கு. இந்த இடத்தில் ஆய்வாளன் ஒரு பெரிய தவறு செய்தான்: எதிர்வாதம் பேசினான். சூலத்துக்குப் பக்கத்திலேயே பரிகாரம் வெல்லம் என்று அச்சடித்திருக்கிறதே, ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு போகிறேனே என்றேன். “வெல்லம் தீந்துபோச்சே” என்றார் ஆயா.

திங்கட்கிழமை சூலம் கிழக்கு. எனக்குத் தடையே இல்லை. ஆனால் காரைக்காலில் இருந்து அத்தை என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. வந்தார். என்னைப் பார்த்தார். “இதானா” என்றார். செவ்வாய்க்கிழமை சூலம் வடக்குத்தான், ஆனால் செவ்வாயில் யார் ஆளை அனுப்புவார்கள்? புதன்கிழமையின் குற்றவாளி மீன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

செம்பட்டிக்காரனுக்கு மீன் என்றால் ஆத்தூர் காமராஜர் அணை மீன்: கட்லா, ரோகு, ஜிலேபி. கடல் மீன் சாப்பிடத்தான் கோடையில் கடற்கரைக்குப் போனேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகில் கொஞ்ச தூரம் போய் வருகிறவர்கள் கொண்டுவருவதுதான் மீன், அவர்கள் சொல்வதுதான் விலை. நம் விருந்தாளி கடலில் மீன் கிடைக்காத இரண்டு மாதத்தைப் பார்த்து, அதிலும் இரண்டாவது வாரத் தொடக்கத்தைப் பார்த்துப் போயிருக்கிறான். நண்பனின் அம்மாவுக்கு இது மானப் பிரச்சினை. தினமும் காலை கூடையோடு போவார். நெத்திலியோ சங்கராவோ ஒரு கூறு கொண்டுவந்து, நீள ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடக் கற்றுக்கொடுப்பார். (அந்த ரொட்டியின் மேல்தோல் உதட்டைக் கீறும், குழம்பு அதே இடத்தில் எரியும். இரண்டு நாகரிகங்கள் சந்திக்கும் இடம் கீழ் உதடு.) ஆனால் வஞ்சிரம் அமையவில்லை. வஞ்சிரம் போடாமல் இந்தப் பிள்ளையை எப்படி அனுப்புவது? “நாளைக்கு வரும்னு சொல்லியிருக்காங்க, நீ குந்து.” அங்கே உட்கார் என்பதற்குக் குந்து. அந்தச் சொல்லில் ஒரு பாரம் இருக்கிறது. கேட்டதும் முழங்கால் தானாக மடங்கிவிடும்.

இந்தச் சிக்கல் பழங்காலத்தில் இருந்ததா? ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், புதுச்சேரிக்குப் பெரிய மனிதர்கள் வரும்போதும் போகும்போதும் போட்ட பீரங்கி வேட்டுகளை எண்ணி எழுதி வைத்திருக்கிறார். அதன் அருமையை நான் மாடியில் பாயில் படுத்தபடி உணர்ந்தேன். வேட்டுப் போட்டாகிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். இருபத்தோரு குண்டு வெடித்த பிறகு “நாளைக்கு வஞ்சிரம் வரும்” என்று யாரும் நிறுத்த முடியாது. இன்றைய விருந்தாளி கையில் ஆயுதம் ஒன்றுமில்லை, ‘கிளம்புறேன்’ என்ற நமத்துப்போன பட்டாசைத் தவிர. திருவள்ளுவரும் உதவவில்லை. விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரமே வைத்தார்; பத்துக் குறளும் சோறு போடுகிறவர்களுக்கு. சாப்பிட்டவன் எப்படி எழுந்து போவது என்பதற்கு ஒரு சீர்கூடக் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் என் பையைக் காணோம். விருந்தினர் அறையின் மர அலமாரிக்குள் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. அலமாரியின் நாதாங்கியில் மாங்காய்ப் பூட்டு தொங்கியது, எண்ணெய் மினுமினுப்போடு. கையால் இழுத்துப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்துக் கைவேலையின் மேல் எனக்கு இருந்த பெருமையும் துக்கமும் அந்த ஒரு கணத்தில் சரிசமமாக நின்றன. அன்று சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். எண்ணெய்தான் வீட்டிலேயே இருக்கிறதே என்றேன். “அது பூட்டுக்கு” என்றார் ஆயா.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மேற்குச் சூலம், மறுபடியும் வெல்லம் இல்லை. அன்று மாலை பாசிப்பருப்புப் பாயசம் வைத்தார்கள். கரும்பழுப்பு நிறம், முதல் கரண்டியிலேயே வெல்ல வாசனை. தடயத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆயா கண் சிமிட்டாமல், “இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்றார். ஆய்வு நேர்மையைவிடப் பாயசம் பெரிது என்று முடிவெடுத்து டம்ளரை நீட்டினேன். நண்பன் மட்டும், “மச்சான், எங்க தாத்தா லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குக் கெளம்பறப்போ எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாரு பாரு” என்றான்.

சனிக்கிழமை சூலம் கிழக்கு. அத்தை வந்து போயாகிவிட்டது. வஞ்சிரம் வெள்ளிக்கிழமையே கிடைத்து, அன்று கவிச்சி கிடையாது என்பதால் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் காத்திருந்து, சனி மத்தியானம் துண்டு துண்டாக வறுபட்டுவிட்டது. காரணங்கள் தீர்ந்த வீட்டில் ஓர் அமைதி வரும், அது வந்தது. ஆயா தானாகவே அலமாரியைத் திறந்து பையை எடுத்து வைத்தார். கடற்கரைச் சாலையில் கடைசியாக ஒரு நடை. கருங்கல் பாறைகளில் அலை அடிக்கிற சத்தத்தில், இந்தப் பயணத்தில் கடலை மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தேன் என்று யோசித்தேன். மீன்காரர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ராத்திரி பஸ் ஏறினேன். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல்; விடியற்காலை செம்பட்டி முக்கில் இறங்கினால், டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறார்கள்.

வீட்டில் பையைக் கவிழ்த்தேன். துவைத்து மடித்த சட்டைகளுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றி ஒரு துண்டு வெல்லம். அதற்குக் கீழே ஒரு பித்தளைச் சாவி.

சாயங்காலம் ஆயாவே கூப்பிட்டார். பூட்டு மாட்டிக்கொண்டதாம், அலமாரி திறக்கவில்லையாம். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி ஆயிற்றே, இன்னொன்று எங்கே என்றேன்.

“அத எங்க வெச்சேன்னு தெரியலப்பா. நீ கொண்டாந்து குடுத்துட்டு உடனே கெளம்பிடு.”