மூளைக்கு மூடி எங்கையடா மருமோனே

மருமோனே, போன கிழமை வந்து ரண்டு றோல்சும் தின்று, பால்தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டு, சப்பாத்து மாட்டேக்கை ஒரு ஞானத்தை உதிர்த்தாய்: "மாமா, மூளை வன்பொருள், மனம் மென்பொருள். அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! சித்தர்மார் தலைகீழா நிண்டும் பிடிபடாத சங்கதியை, நீ மற்றச் சப்பாத்து மாட்ட முன்னம் முடிச்சுப்போட்டாய். படிச்ச பிள்ளை எண்டால் இப்பிடித்தான்.

உன்னிலை பிழையில்லை. எந்தக் காலத்திலை எது புதுச் சாமானோ, அதைத் தூக்கித் தலைக்குள்ளை வைக்கிறது மனிசன்ர பழக்கம். தத்துவஞானி டெகார்ட்டுக்குத் தண்ணி விசையாலை ஆடுற பொம்மை. பிறகு தந்திக்கம்பி, அதுக்குப் பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 1960களிலை ஹிலரி பட்னம் எண்ட அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து வச்சார். பிறகு தான் சொன்னது சரியில்லை எண்டு அவரே எழுதியும் போட்டார். உன்ர வாத்தியார் முதல் பாதியோடை பாடத்தை முடிச்சுட்டார் போலை.

சரி, உன்ர வழிக்கே வாறன். லப்டொப்பிலை புது மென்பொருள் ஏத்தினால் பெட்டி வீங்குமோ? வீங்கினால் பட்டரி பழுதெண்டு கடைக்கு ஓடுவாய். இந்த லண்டனிலை அப்பிடி வீங்கின பெட்டியள் கறுப்பு டாக்சியிலை குந்திக்கொண்டு காசும் உழைக்குதுகள்.

அந்த டாக்சி ஓட்ட லைசன்ஸ் எடுக்கிற 'நொலேஜ்' சோதனை தெரியும்தானே? 1865இலையிருந்து நடக்குது. சாரிங் குறோசைச் சுத்தி ஆறு மைலுக்குள்ளை ஏறக்குறைய 25,000 தெருவைப் பாடமாக்கவேணும். மொபெட் கைபிடியிலை வரைபடத்தைச் செருகிக்கொண்டு, மழையெண்டில்லை பனியெண்டில்லை, மூண்டு நாலு வருசம் சுத்துவினம். முதல் பாடம் மேனர் ஹவுஸ் ஸ்டேசனிலையிருந்து கிப்சன் சதுக்கம். பிறகு கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சோதகருக்கு முன்னாலை இருந்து, எந்தத் தெருவிலை இடப்பக்கம், எந்த றவுண்டபௌட்டாலை வெளியிலை எண்டு வாயாலையே ஓடிக் காட்டவேணும். நாங்கள் இருக்கிற மிச்சம் (Mitcham) எண்ட ஊர் அந்த வட்டத்துக்கு ஒரு மைல் வெளியிலை கிடக்குது. இஞ்சத்தை ஆக்களின்ர மூளை இப்பிடி இருக்கிறதுக்கு அதுதான் காரணமெண்டு நினைக்கிறன்.

யூனிவர்சிற்றி கொலிஜ் லண்டனிலை எலினோர் மக்வயர் எண்ட ஆராய்ச்சிக்கார அம்மா 16 டாக்சிக்காரரின்ர தலையை எம்.ஆர்.ஐ. படமெடுத்து, 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டா. ஞாபகத்துக்கும் வழி பிடிக்கிறதுக்கும் உதவுற ஹிப்போகம்பஸ் எண்ட பகுதியின்ர பின்பக்கம் அவையளுக்குப் பெருத்திருந்தது. கனகாலம் ஓடினவைக்கு இன்னும் பெரிசு.

பெருத்த மூளைக்காரன்தானே மாமா அந்த வேலைக்குப் போயிருப்பான் எண்டு கேப்பாய். கேள், கெட்டிக்காரன். அந்த அம்மாவும் விடேல்லை. படிக்கத் தொடங்கின 79 பேரை முதலே படமெடுத்து வச்சா. அதிலை 39 பேர் பாஸ். திருப்பி எடுத்துப் பாத்தால், பாஸ் பண்ணினவைக்கு மட்டும் அந்த இடம் வளந்திருந்தது. அது 2011இலை வந்த முடிவு. நடுவிலை பஸ் சாரதிமாரையும் பாத்தவா. நாள் முழுக்க லண்டனுக்குள்ளை ஓடினாலும் ஒரே றூட்டிலை போறவைக்கு அந்த வளத்தி இல்லை.

வளந்தது சும்மா வளரேல்லை, அதையும் சொல்லவேணும். டாக்சிக்காரருக்கு அதே உறுப்பின்ர முன்பக்கம் சிறுத்திருந்தது. புதுசா ஒரு படத்தைப் பாத்து நினைவிலையிருந்து கீறச் சொன்னால் கொஞ்சம் திணறினவை.

மண்வெட்டி பிடிச்சவன்ர கையிலை காய்ப்பு விழும். கை வன்பொருள், கொத்திறது மென்பொருள் எண்டு அவனிட்டைச் சொல்லிப் பார், மண்வெட்டியாலையே விளங்கப்படுத்துவான். ஓடுற ஓட்டமே பெட்டியைத் திருத்திக் கட்டுதெண்டால், எங்கை முடியுது பெட்டி, எங்கை தொடங்குது ஓட்டம்? உன்ர உவமை ஒருத்தருக்குத்தான் பொருந்தும்: சோதனையிலை பெயிலானவைக்கு. போட்டதும் ஏறேல்லை, பெட்டியும் மாறேல்லை.

டூட்டிங்கிலையிருந்து இஞ்சை வர கிட்டத்தட்ட ஒரே நேர் றோட்டு. அதுக்கும் போனுக்குள்ளை இருக்கிற பொம்பிளையிட்டைத்தான் வழி கேக்கிறாய். வாற ஞாயிறு அவவை வீட்டிலை விட்டிட்டு வா ராசா. குறொய்டன் பக்கம் போய்ச் சேந்தியெண்டால் ஆரையும் மறிச்சுக் கேள். சோறு மூடித்தான் இருக்கும்.