ஐந்து வோல்ட்டும் பாடபேதமும்: ஓர் ஆய்வு

எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் பிறந்தாலும் வேறெங்கு பிறந்தாலும், துறைமுக வாசலில் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிக்குப் பேட்டரி 24 வோல்ட். டிரைவரின் செல்போன் கேட்பதோ 5 வோல்ட். நடுவே எத்தனை ஓம் வைப்பது என்பதைத் தமிழ்ப் புலமையுலகம் இதுவரை ஆராயாதது பெருங்குறை. அதைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதல்நூல், எல்.எம். 317 என்னும் மூன்று கால் ஐசி. யாத்தவர் பாப் டாப்கின், காலம் 1976. சூத்திரம் எளிது. அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே ஐசி எப்போதும் 1.25 வோல்ட்டைப் பிடித்து வைக்கும். அங்கே முதல் ரெசிஸ்டர். அங்கிருந்து கிரவுண்டுக்கு இரண்டாவது. இரண்டாவது மும்மடங்கானால் 5 வோல்ட்.

சிக்கல் பாடபேதத்தில் தொடங்குகிறது. விவரத்தாள் முதல் ரெசிஸ்டரை 240 ஓம் என்கிறது. மும்மடங்கு 720. கடை டப்பாக்களிலோ 680-க்கு அடுத்தது 750. அதுவும் இல்லாத கடையில் 820. எனவே 220 கட்சியார் தோன்றினர்: 220-க்கு 680, விடை 5.11 வோல்ட். போன் 5.25 வரை பொறுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். ஏடெழுதியவன் கைப்பிழை என்பது 240 கட்சியாரின் மறுப்பு.

இருவரும் காணத் தவறியது ஒன்றுண்டு: 240 ஓர் இடைச்செருகல். அது அண்ணன் எல்.எம். 117-க்கு உரிய பாடம். அவருக்கு 5 மில்லியாம்பியர் ஓடினால் போதும். தம்பிக்கு 10 வரை தேவைப்படலாம். அது கிடைக்காவிட்டால், போனைக் கழற்றியதும் வோல்ட் ஏறிவிடக்கூடும். ஆகவே 120 ஓமே சுத்தபாடம். அதே டப்பாவில் இன்னும் மூன்று எடுத்து வரிசையாகக் கோத்தால் 360, கணக்கு நேர்.

இனித் தடைவிடை. தங்கப் பட்டை ரெசிஸ்டர் நூற்றுக்கு 5 ஏறலாம், இறங்கலாம், ஐசியின் 1.25-ம் 1.20 முதல் 1.30 வரை அலையும். அப்படியானால் இரண்டாம் தசமத்துக்கு இத்தனை சண்டை எதற்கு என்பார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் அதைத் தவிர்ப்பது மரபு.

எந்தக் கட்சி வென்றாலும், அரை ஆம்பியர் ஓடும்போது போனுக்குப் போவது 2.5 வாட், ஐசியில் சூடாக வீணாவது 9.5 வாட். ஹீட் சிங்க் போதாவிட்டால் ஐசி தானே படுத்துக்கொண்டு, ஆறியபின் எழும். பக் கன்வர்ட்டர் என்னும் சின்ன போர்டு இந்தச் சூட்டில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் இருப்பது ஒரே ஒரு திருகு. 5 வரும்வரை திருப்பினால் வேலை முடிந்தது. பாடபேதத்துக்கு அறவே இடமில்லாததால் இவ்வாய்வு அதைப் பொருட்படுத்தவில்லை.